பந்தலுக்கும் பந்திக்கும் நடுவே

கொக்கி கிரீச்சென்றது, தொட்டில் அந்தப் பக்கம் போனது, கயிறு மேகலாவின் கால் கட்டைவிரலை இழுத்தது, விரல் விட்டுக்கொடுத்தது, தொட்டில் இந்தப் பக்கம் வந்தது, திரையில் அதே வெள்ளைப் பக்கம், பக்கம் கிடைக்கவில்லை, நானூற்று நான்கு. என்னவோ ஒரு தெருவில் வீட்டு இலக்கம் மாதிரி. போய்க் கதவைத் தட்டினால் நானூற்று நான்காம் நம்பர் வீட்டில் யாரும் இல்லை, ஆள் இருந்த அடையாளமும் இல்லை, வாசலில் கோலம்கூட இல்லை. ஆனால் இருக்கிறது, எனக்குத் தெரியும் இருக்கிறது, நான் எழுதியது, வயிற்றில் இவள் உதைக்க உதைக்க உட்கார்ந்து எழுதினது, என்று மேகலா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். முட்டை அட்டைகளை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்திருந்தாள். அட்டையின் குழிகளில் காத்து போய் வரும், பொட்டி சூடாகாது. சென்னையில் கூட வேலை செய்கிற விஸ்வா இதை வீடியோவில் பார்த்துவிட்டு, "என்ன மேகலா, லேப்டாப் அடை காக்குதா?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அடையும் காக்குது, பொறிக்கத்தான் மாட்டேங்குது. வெளியே வேப்பமரத்து நிழல் சுவரோரம் சுருண்டு கிடந்தது. அதற்கப்பால் பண்ணைக் கொட்டகையிலிருந்து கோழிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து போடும் அந்தச் சத்தம், கூவலுமில்லை கொக்கரிப்பும் இல்லை, தூக்கத்தில் ஊரே முணுமுணுப்பது மாதிரி ஒரு சத்தம், வந்துகொண்டே இருந்தது. சிட்டு தூங்குகிறாள். சிட்டு தூங்குகிற வரைக்கும்தான் மேகலாவுக்கு நேரம். இந்த உலகத்தில் கடிகாரமெல்லாம் எதற்கு, ஒரு பிள்ளை இருந்தால் போதும்.

விஷயம் பெரிய விஷயமில்லை, சின்ன விஷயமும் இல்லை. கோழிப்பண்ணைக்காரர்களுக்கென்று அவள் கம்பெனி ஒரு செயலி செய்துகொண்டிருந்தது. தீவனக் கணக்கு ஒரு பகுதி, தடுப்பூசி ஒரு பகுதி, லாரி ஒரு பகுதி. முட்டை, அதிலும் வழியில் உடைந்துபோகிற முட்டை, உடைசல் கணக்கு, அது மேகலாவின் பகுதி. மெயின் என்று ஒன்று இருக்கும், அதுதான் தாய் வீடு. ஒவ்வொரு பகுதியும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அதன் பக்கத்தில் வைக்கப்படும். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் கன்ட்ரோலர் என்று சிலபேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆள் இல்லை, எழுதின நிரல்தான், ஆனால் மேகலாவுக்கு அவர்கள் ஆட்கள் மாதிரித்தான். வெளியே யாராவது வந்து உடைசல் பக்கம் வேண்டும் என்று கேட்டால் மெயின் திரும்பிப் பார்க்கும், யாரப்பா இதுக்கு என்று கேட்கும், இவர்களில் ஒருவர் எழுந்து, இந்தாங்க என்று எடுத்துக் கொடுப்பார். அவ்வளவுதான் வேலை. தனிப் பொட்டலம் என்பதால் தனியாக உட்கார்ந்து செய்யலாம், அணியாபுரத்தில் மாமியார் வீட்டு ஆசாரத்தில், அந்த முன்கூடத்தில், முட்டை அட்டைமேல் பொட்டியை வைத்துக்கொண்டு செய்யலாம். மெயினில் கை வைக்கிறவர்கள் மட்டும் சென்னையில் எல்லோரோடும் உட்கார வேண்டும், அது சட்டம். அந்தச் சட்டத்தில்தான் இப்போது மேகலாவின் கழுத்து இருக்கிறது. காலையில் விஸ்வா காரில் வந்துகொண்டே பேசினான், மேலாளரும் பக்கத்தில், நாமக்கல்லில் மண்டபத்தில் பண்ணைக்காரர்களைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். "டீ குடிச்சு முடிச்சதும் உங்க உடைசல் பக்கத்தைத்தான் காட்டப் போறார் மேகலா. அவங்களுக்கு அதுதான் வேணும். சர்வர்ல திறக்க மாட்டேங்குது." "என் பொட்டியிலயும் அப்படித்தானுங்க விஸ்வா, பாத்துட்டுத்தான் இருக்கேன்." "டீக்குள்ள வரலைன்னா உங்க ஃபைலையெல்லாம் நான் மெயினுக்குள்ள காப்பி பண்ணிப் போட்டுடறேன். வேற வழியில்ல." "போட்டுட்டா?" "போட்டுட்டா அப்புறம் அது மெயின்தானே. நீங்க சென்னை வர்ற மாதிரி இருக்கும். பாப்பாவையும் கூட்டிட்டு வந்துடுங்க." என்னவோ கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க என்கிற மாதிரி. "ஆமா, மெயின்ல எதையும் தொட்டுடலையே நீங்க?" என்றும் கேட்டான். "நான் எதுக்குங்க தொடறேன்," என்றாள். உண்மைதான், அவள் தொட்டதில்லை. அடுத்தவர் அடுப்பைக் கிளறுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கிரீச். இந்தக் கொக்கி. அப்பா செய்தது. அப்பா அங்கமுத்து, பட்டறையில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறவர், எருமப்பட்டியில் அவர் வைக்கிற வெல்டிங் தையல் போட்ட மாதிரி இருக்கும் என்பார்கள். பேத்திக்குத் தொட்டில் என்றதும் லாரிச் சங்கிலி இரும்பை வளைத்து இந்தக் கொக்கியைச் செய்து, பேர் வைக்கிற அன்னிக்குக் காலையிலேயே மொபெட்டில் வந்து உத்திரத்தில் மாட்டி, தன் முழு எடையோடு தொங்கிப் பார்த்து, "யானை தூங்கலாம் கண்ணு" என்றார். சத்தம் போடுதே என்றதற்கு, "கிரீஸ் வெச்சா நின்னுரும். ஆனா வேண்டாம். பிள்ளைங்களுக்குச் சத்தம் நின்னாத்தான் முழிப்பு வரும்." அது நிஜம், ஆட்டுகிற விரல் நின்றால் சிட்டு உடனே உதட்டைப் பிதுக்குவாள், ஆகவே விரல் நிற்கக்கூடாது, விரல் தனியாக வேலை செய்யும், கை தனியாக வேலை செய்யும், மனசு தனியாக எங்கேயோ. மேகலா மறுபடியும் தன் பொட்டலத்தைத் திறந்து முதலிலிருந்து பார்த்தாள். கன்ட்ரோலர் பேரெல்லாம் சரி. வெளியாள் பார்க்கிற மாதிரி திறந்து வைத்திருக்கிறோமா, வைத்திருக்கிறோம். வழி எழுதியது சரி. கட்டினால் கட்டுகிறது, ஒரு பிழை இல்லை, ஒரு மஞ்சள் எச்சரிக்கைகூட இல்லை, பச்சையாக வருகிறது, வெற்றி என்று வருகிறது. பிழை வந்தால் பரவாயில்லை. பிழை என்பது வீட்டுக்கு வந்து சண்டை போடுகிற சொந்தக்காரர் மாதிரி, என்ன குறை என்று தெரிந்துவிடும், சமாதானம் செய்துவிடலாம். இது அப்படி இல்லை. எல்லாம் நல்லா இருக்கு கண்ணு, எனக்கென்ன, நல்லா இருக்கேன் என்கிறது. ஆனால் ஆளைக் காணோம்.

நல்லா இருந்துச்சு கண்ணு. பாயசம் நல்லா இருந்துச்சு. அந்த இடத்தில் மனசு முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றது. இழுத்தால் கிழியும், விட்டால் போகாது. போன வாரமா, அதற்கு முந்தியா, அப்பாவிடம் ஃபோனில் சும்மாப் பேசும்போது சிட்டுவுக்குப் பேர் வைத்த விருந்துப் பேச்சு வந்தது, சாப்பாடெல்லாம் எப்படிங்கப்பா இருந்துச்சு என்றாள், அன்றைக்கு நான் பச்சைப்பிள்ளையோடு உள்ளே பாயில் கிடந்தேன், எதையும் பார்க்கவில்லை. "எல்லாம் நல்லா இருந்துச்சு கண்ணு. பாயசம் நல்லா இருந்துச்சு." அவளும் சரியென்று வைத்துவிட்டாள். துணி மடிக்கும்போதுதான் உறைத்தது. பாயசமே இல்லையே. பால் திரிந்துபோய் அண்டாவோடு வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு, சமையல்காரர் அவசரமாகக் கேசரி கிளறினார், அத்தை அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் அங்கலாய்த்தாள். கேசரி சாப்பிட்டவர் பாயசம் என்று சொல்ல மாட்டார். ஒன்றும் சாப்பிடாதவர்தான் விருந்தென்றால் பாயசம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு சொல்லுவார். மனசு அன்றிலிருந்து அந்தப் பந்தலுக்குள் போய்ப் போய் வருகிறது. தென்னங்கீற்றுப் பந்தல், வாடகை நாற்காலி, அப்பா கடைசி வரிசையில், தோளில் புதுத் துண்டு, கையைத் தொடை நடுவே வைத்துக்கொண்டு. அவர் கையில் இரும்புக் கருப்பு எப்போதும் போகாது, அதனால் நல்ல இடத்தில் கையை ஒளித்துக்கொள்ளுவார். முதல் பந்தி உட்காருது, எழுந்திருக்குது, இலை எடுக்கிறார்கள், இரண்டாம் பந்தி. அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னுமா அந்தப் பொட்டியவே பாத்துட்டு இருக்கற? கண்ணு பூத்துரும் சாமி." அத்தை பாவாயி முருங்கைக் கீரையை முறத்தோடு கொண்டுவந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். உட்காரும்போதே பாதிக் குரலில், தொட்டிலைப் பார்த்து, "தூங்கறாளா, கள்ளி." "தூங்கறா அத்தை, மெல்லப் பேசுங்க." "நான் மெல்லத்தான் பேசறேன். ஊரே எங்கிட்ட வந்து கத்துக்கோணும், மெல்லப் பேசறதுக்கு." மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் மெல்லப் பேச்சுக்கு மாடு திரும்பிப் பார்க்கும். "சென்னைக்குப் போயிருவியாமா? பூபதி சொன்னான்," என்று மகனைச் சாட்சிக்கு இழுத்தாள். மேகலா, போகவில்லை என்றும் சொல்லவில்லை, போவேன் என்றும் சொல்லவில்லை, "இந்தப் பக்கம் வந்துட்டா போக வேண்டாமுங்க அத்தை" என்று திரையைக் காட்டினாள். அத்தை எட்டிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. "ஒண்ணையுங் காணோமே." "அதுதாங்க பிரச்சினை." "அது சரி," என்று காம்பை ஒடித்தாள் அத்தை. கொக்கி கிரீச்சென்றதும் மேலே பார்த்தாள். "இந்தக் கொக்கிய மாட்டிட்டுப் போன மனுசன் அப்பறம் இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. பேத்தி மேல ஆசையே கெடையாதா உங்கப்பனுக்கு? நானா இருந்தா வாரத்துக்கு ஏழு நாளும் வந்து உக்காந்துக்குவேன்." அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை, ஆதங்கம்தான், அத்தைக்குத் தெரியாது. மேகலா சொல்ல வாயெடுத்தாள். என்ன சொல்வது. எங்கப்பா உங்கள் வீட்டு விருந்தில் பட்டினியாகப் போனார் என்றா. இந்த மத்தியானத்தில், கீரையை வைத்துக்கொண்டு, பிள்ளை தூங்கும்போது. "பட்டறையில வேலைங்க அத்தை," என்றாள். அத்தை முறத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள், போகிறபோது, "சாயங்காலம் அரிசிம்பருப்புச் சோறு வெக்கிறேன், கீரையப் பொரிச்சுக்கலாம்" என்று மெல்லச் சொன்னாள், கொட்டகைக் கோழிகளுக்கும் அது கேட்டிருக்கும்.

அரிசிம்பருப்புச் சோறு. அப்பா வைப்பார். அம்மா போனபின் அவருக்குத் தெரிந்த ஒரே சமையல் அதுதான், வாரத்தில் பாதி நாள் அதுதான், பூண்டை நசுக்காமல் முழுசாகப் போட்டு, நெய் என்று ஒரு சொட்டு. மேகலா பட்டறையில் பாதி கட்டின லாரிக் கூண்டின்மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். கூப்பிடத் தொண்டையைத் திறக்க மாட்டார், சுத்தியலை எடுத்து இரும்புத் தகட்டில் இரண்டு தட்டு. டங். டங். அதற்குச் சாப்பிட வா என்று அர்த்தம். ஊரில் வேறு எந்தப் பிள்ளையையும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பையன்கள் அலுமினியத் தட்டைத் தட்டிக் காட்டி அவளைக் கேலி செய்தார்கள், அவளும் கோபித்துக்கொள்ளாமல் ஓடிப்போய் அவர்கள் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கூப்பிட்டீங்க, வந்தேன் என்றாள். அதோடு கேலி நின்றது. சுத்தியல் சத்தம் கேட்காமல் அவள் ஒருநாளும் இறங்கி வந்ததில்லை, சோற்று வாசனை மூக்கில் ஏறும், வயிறு கத்தும், ஆனாலும் கூண்டின்மேல் உட்கார்ந்திருப்பாள், அவர் தட்டட்டும் என்று. அதில் ஒரு சுகம். நம்மை ஒருவர் நினைத்துக் கூப்பிடுகிறார் என்பது சோற்றைவிட ருசி. தொட்டில் போகிறது வருகிறது. கண் சொருகுகிறது. கோழிச் சத்தம் மழைச் சத்தமாகிறது. அவளுடைய கன்ட்ரோலர்கள் எல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள், வாடகை நாற்காலியில், கையைத் தொடை நடுவே ஒளித்துக்கொண்டு. ஏனுங்க, நீங்கதான் வந்திருக்கீங்களே, எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடுங்க என்கிறாள் மேகலா. அவர்கள் மரியாதையாகச் சிரிக்கிறார்கள். இருக்கட்டும் அம்மிணி, கூப்பிடட்டும்.

விழித்துக்கொண்டாள். கட்டைவிரல் நின்றிருந்தது, ஐயோ என்று ஆட்டினாள், உள்ளே சிட்டு ஒரு முனகல் முனகிவிட்டு மன்னித்துவிட்டாள். வெயில் நிழலைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தது, டீ குடிக்க ஆரம்பித்திருப்பார்களோ. ஆனால் நெஞ்சில் ஏதோ ஒன்று எழுந்து நின்றுவிட்டது. பந்தலுக்கு வருவது வேறு, பந்திக்கு உட்காருவது வேறு. இந்த ஊர்ப் பக்கத்தில் அது பெரிய வழக்கம். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் பந்தல் வரைக்கும் வருவார்கள், அதோடு சரி. பந்தி போட்டதும் வீட்டு ஆள் ஒருவர் பந்தலுக்குள் வந்து, ஒவ்வொருவராகப் பார்த்து, கையைப் பிடிக்காத குறையாக, "எந்திரிங்க, சாப்பிட வாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுந்து போகிறவன் சோத்துக்குச் செத்தவன். அதிலும் சம்பந்தி வீட்டாள் என்றால் வீட்டு ஆளே வந்து கூப்பிட்டாக வேண்டும். அன்றைக்கு மாமா கூப்பிட்டிருப்பார் என்று அத்தை நினைத்தாள், பூபதி கூப்பிட்டிருப்பான் என்று மாமா நினைத்தார், பூபதி இலைக்குத் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தான். யார்மேலும் தப்பில்லை. எல்லாம் பச்சை. எல்லாம் வெற்றி. மேகலா மெயினைத் திறந்தாள், தொடவில்லை, பார்க்கத்தான், அடுத்தவர் அடுப்பை எட்டிப் பார்ப்பது பாவமில்லை. மெயின் தொடங்குகிறபோது ஒரே ஒரு தடவை, யார் யார் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளும், அப்புறம் நாள் முழுக்கத் திரும்பிப் பார்க்காது. பொட்டலங்களையெல்லாம் தூக்கி வந்து பக்கத்தில் வைக்கிறது, அதில் அவளுடையதும் இருந்தது, ஆகவே பந்தலுக்கு வந்தாச்சு. அப்புறம் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு வரி, இதுவும் நம்ம பகுதி, இதிலுள்ள கன்ட்ரோலர்களையும் சேர்த்துக்கொள் என்று. தீவனத்துக்கு ஒரு வரி. தடுப்பூசிக்கு ஒரு வரி. லாரிக்கு ஒரு வரி. அதற்குக் கீழே காலி.

பிரசவ லீவுக்குப் போகும்முன் உடைசலுக்கும் அந்த வரி இருந்தது. விஸ்வா போட்டதை அவளே பார்த்திருக்கிறாள். எடுத்துவிட்டார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து, இது யாருது, மேகலாவுதா, அவங்கதான் லீவாச்சே, எதுக்கு சும்மா ஒரு வரி என்று ஒரு விரல் தட்டில் எடுத்துவிட்டிருக்கிறார்கள். பொட்டலம் மட்டும் கிடந்தது. எடுத்துப் போடச் சோம்பல், அல்லது மரியாதை. மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்திருந்திருக்கிறது. காலையிலிருந்து நான் என்னையே தோண்டிக்கொண்டிருந்தேன், பேர் சரியா, வழி சரியா, பிள்ளை பெத்ததில் மூளை மழுங்கிப் போச்சா என்று. அழுகை வரப் பார்த்தது, அதற்கு நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இப்போது என்ன செய்வது. விஸ்வாவுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மண்டபத்தில் இருப்பான், ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பான், அவன் பக்கத்தில் டீ டம்ளர் காலியாகிக்கொண்டிருக்கும். அந்த வரியை எழுதத் தெரியாதா, சிட்டுவின் சட்டைக்குப் பொத்தான் தைக்கிற நேரம்கூட ஆகாது. மெயினில் கை வைக்கக் கதவும் பூட்டியில்லை. பூட்டாத கதவுதான் தாண்டமுடியாத கதவு. மெயினைத் தொட்டால் சென்னை, தொடாவிட்டாலும் சென்னை. தொட்டுவிட்டு ஏன் தொட்டாய் என்று கேட்டால்? நான் யார் அங்கே? வந்து உட்கார்ந்திருக்கிற பொட்டலமா, கூப்பிடுகிற வீட்டாளா? அங்கேதான் மனசு மறுபடி முள்ளில் மாட்டியது, ஆனால் இந்தத் தடவை முள் வேறு பக்கம் குத்தியது. அன்றைக்குப் பந்தலில் அப்பா உட்கார்ந்திருந்தபோது உள்ளே பாயில் நான் கிடந்தேன். சன்னல் திறந்துதான் இருந்தது. அந்தத் துண்டின் சிவப்புக் கரை எனக்குத் தெரிந்தது. அப்பா சாப்பிட்டிருப்பாரா என்று நினைத்தேன், இவர்கள் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன், இவர்கள். இந்த வீட்டுச் சோற்றை இத்தனை நாள் தின்றுவிட்டு, இந்த வீட்டுக்கு ஒரு பிள்ளையும் பெற்றுக்கொடுத்துவிட்டு, நானும் விருந்தாளி மாதிரியே படுத்துக்கொண்டு.

எழுதினாள். லாரிக்குக் கீழே, அதே மாதிரி, ஒரு வரி. இதுவும் நம்ம பகுதி. தன் பொட்டியில் ஓட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பக்கம் ஒரு மூச்சு நேரம் வெள்ளையாகவே இருந்துவிட்டு, அப்புறம் உடைசல் பக்கம் அவள் போட்ட மஞ்சள் தலைப்போடு, லாரி எண்ணோடு, உடைந்த முட்டையின் சின்னப் படத்தோடு, எங்கும் போகாத மாதிரி வந்து நின்றது. அடிப் பாவி, என்றாள் அதைப் பார்த்து, செல்லமாக. சர்வருக்கு அனுப்பிவிட்டு, மெயின் தொடங்கும்போது ஒரு தடவைதானே பார்க்கும், அங்கே யாராவது நிறுத்தித் தொடங்க வேண்டும், அது விஸ்வா கையில், விஸ்வாவுக்குச் செய்தி போட்டாள், உங்க வாசப்படிய மிதிச்சுட்டேனுங்க, ஒரு வரி போட்டிருக்கேன், நிறுத்தித் தொடங்குங்க, திட்டறதா இருந்தா அப்பறம் திட்டிக்குங்க. அனுப்பியபின் ஒன்றும் இல்லை. தொட்டில் போனது வந்தது. பண்ணைக்காரர்கள் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருப்பார்கள், திரையில் நானூற்று நான்கு வரும், ஒருவர் கொட்டாவி விடுவார், விஸ்வா காப்பி செய்ய ஆரம்பித்திருப்பான், அவளுடைய ஆட்களை ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்துத் தூக்கி மெயினுக்குள் எறிந்துகொண்டிருப்பான், சென்னையில் இந்தக் கொக்கியை எங்கே மாட்டுவது, அங்கே உத்திரம் ஏது, வாடகை வீட்டில் கூரையில் ஓட்டை போட விடுவார்களா, கொக்கி இல்லாத வீட்டில் சத்தம் இருக்காது, சத்தம் இல்லாவிட்டால் இவள் தூங்க மாட்டாள், இவள் தூங்காவிட்டால். ஃபோன் அதிர்ந்தது, முட்டை அட்டைமேல் வண்டு மாதிரி. சிட்டு கண்ணைத் திறந்துவிட்டாள். மேகலா ஒரு கையால் தொட்டில் துணியை விலக்கி, ஒரு கையால் ஃபோனை எடுத்தாள்.

"வந்திருச்சு," என்றான் விஸ்வா. பின்னால் கைதட்டலா பேச்சா, என்னவோ கசகசவென்று. "காட்டிட்டார். ஒரு தாத்தா எந்திரிச்சு வந்து திரையையே தொட்டுப் பாத்தார், இது எங்க லாரின்னு." மேகலாவுக்கு முன்னால் சிட்டு பேசினாள், ங்ஙா என்று. "அந்த வரி…" விஸ்வா குரலைத் தாழ்த்தினான். "நான்தான் மேகலா எடுத்தேன். மறந்தே போயிட்டேன். நீங்க திரும்பி வருவீங்களோ மாட்டீங்களோன்னு…" "வராம எங்கீங்க போறேன்? அடை காக்க வெச்சுட்டுப் போனேன், பொறிக்க வேண்டாமா?" அவன் சிரித்தான், கொஞ்சம் லேட்டாக. "மேலாளர்கிட்ட சொல்லிட்டேன், கோளாறு என்னோடதுன்னு. உடைசல் தனியாவே இருக்கட்டும், நீங்க அங்கயே இருந்து பாத்துக்கங்க. இனிமே உங்க வரிய நீங்களே போட்டுக்கங்க. கேட்டுட்டிருக்க வேண்டாம்." "சரிங்க. போய் இன்னொரு டீ குடிங்க, நான் குடுத்ததா நெனச்சுக்கிட்டு." ஃபோனை வைத்தாள். சிட்டுவைத் தூக்கித் தோளில் போட்டு, அவள் கழுத்து மடிப்பின் பால் வாசனையை மூக்கு நிறைய இழுத்தாள். காலி தொட்டில் தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. கொக்கி கிரீச்சென்றது, கொஞ்சம் மெதுவாக, இன்னும் மெதுவாக. நின்றது. சத்தம் நின்றதும்தான் மேகலாவுக்கு முழு விழிப்பு வந்தது. சமையலறைக்குக் கேட்கிற மாதிரி, "அத்தை, சோத்துக்கு ஓராளுக்குச் சேத்தி அரிசி போடுங்க," என்றாள். "ஆருக்கு?" என்று மெல்லக் கேட்டாள் அத்தை. அதற்குப் பதில் சொல்லுமுன் மேகலா எருமப்பட்டிக்கு அடித்துவிட்டாள்.

மணி போனது, போனது. பட்டறையில் சாணைக்கல் ஓடினால் அவருக்குக் கேட்காது. எடுத்தார். "என்ன கண்ணு, பிள்ளைக்கு ஏதும் சொகமில்லையா?" சாணைக்கல் சத்தம் பின்னால் இரைந்தது. "சொகந்தானுங்கப்பா. சாப்பிட வாங்க." "ஆங்?" "சாயங்காலம் சாப்பிட வாங்கன்னேன்." "நான் இப்பத்தானே சாப்பிட்டேன். வேலை கெடக்குது கண்ணு. ஒரு கூண்டு பாதில நிக்குது." "அன்னிக்குச் சாப்பிடலயே," என்றாள் மேகலா. சாணைக்கல் நின்றது. யாராவது நிறுத்தினார்களோ, கரண்டு போனதோ. பின்னால் ஒரு காக்கை கத்தியது. "அதெல்லாம் எதுக்குச் சாமி இப்ப," என்றார் அப்பா. "அவங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. எனக்குத்தான் அன்னிக்கு வயிறு…" "அப்பா. அவங்க கூப்பிடலீங்க, நான் கூப்பிடறேன். நானும் இந்த வீட்டாளுதான்." சிட்டு அவள் காதோலையைப் பிடித்து இழுத்தாள். சமையலறை வாசலில் அத்தை கையில் அரிசிப் படியோடு வந்து நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. கேட்டிருக்கிறாள், அவள் முகத்தில் தெரிந்தது. அத்தை ஃபோனைத் தா என்று கையை நீட்டினாள், அப்புறம் அவளாகவே மடக்கிக்கொண்டு, நீயே பேசு என்கிற மாதிரித் தலையை ஆட்டினாள். மேகலா காத்திருந்தாள். லாரிக் கூண்டின்மேல் உட்கார்ந்து காத்திருப்பது போலவே இருந்தது, சுத்தியல் மட்டும் இப்போது இவள் கையில். அந்தப் பக்கம் அவர் கையைத் துணியில் துடைக்கிற சத்தம் கேட்டது, அழுத்தி, திரும்பத் திரும்ப, கருப்புப் போகிற வரைக்கும் துடைக்கிற மாதிரி. அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"தொட்டுக்க என்ன கண்ணு?" என்றார்.